ஏழாவது படிக்கிற பையனுக்கு கால்குலேட்டர் கொடுக்கலாமா?

கேள்வி – 23 ஜூன் 2024

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தறி. பையன் ஏழாவது. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எதுவும் மண்டையில் நிற்க மாட்டேன் என்கிறது. கணக்கு நோட்டை எடுத்தால் இரண்டு மணி நேரம் போகிறது, கடைசியில் அழுகை. டியூஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் சார், "கால்குலேட்டர் வெச்சுக்கிட்டே போடட்டும், வழிமுறை தெரிஞ்சாப் போதும்" என்கிறார். மாமியார், "அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று சத்தம் போடுகிறார். கொடுக்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 23 ஜூன், இரவு

கொடுக்காதீங்க. பேச்சே இல்லை.

31 வருஷம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிகளில் கணக்கு எடுத்தவன் சொல்கிறேன். ஓமலூர் பக்கம், அயோத்தியாப்பட்டணம் பக்கம், நடுவில் ஏற்காடு மலையில் ஆறு வருஷம். இந்த "வழிமுறை தெரிஞ்சாப் போதும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழாவதில் கொடுத்தால் பத்தாவதில் என்ன செய்வான்? கணக்குப் பொதுத்தேர்வு அறைக்குள் கால்குலேட்டர் போகாது. பிளஸ் டூவில்கூட லாக் டேபிளைத்தான் புரட்ட வேண்டும்.

காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க. உங்க மாமியார் சொல்றதுதான் சரி.

24 ஜூன்

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தேன். அதற்குள் நாலு பேர் வந்து, "பால் கணக்கை மனசுலயா சார் போடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. போனில்தான் போடுகிறேன். பென்ஷன் பாஸ்புக்கையும் போனில்தான் சரிபார்க்கிறேன். போதுமா?

ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதிவிட்டேன். பையன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று நான் கேட்கவே இல்லை. "கணக்கு வரல" என்பது "உடம்பு சரியில்ல" என்பது மாதிரி. காய்ச்சலா, கால் சுளுக்கா?

அம்மா, மூன்று கணக்கு தருகிறேன். பையனிடம் கொடுங்க. பக்கத்தில் உட்காராதீங்க, திருத்தாதீங்க. அவன் எழுதினதை அப்படியே போடுங்க.

305 − 178
7 × 8
ஒரு டஜன் வாழைப்பழம் 60 ரூபாய். அஞ்சு பழம் எவ்வளவு?

27 ஜூன்

பதில் வந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

305 − 178 = 273.
7 × 8: காலியாக விட்டுவிட்டான்.
வாழைப்பழம்: எழுதவே இல்லை, வாயாலேயே "இருபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

முதலில் மூன்றாவதைப் பாருங்க. ஏழாவதில் விகிதம், நேர் மாறல் என்று ஒரு மாசம் இழுக்கிற விஷயம் இவனுக்குத் தெருவிலேயே வந்திருக்கிறது. இந்தப் பையனையா மக்கு என்கிறார்கள்?

இப்போது 273. இது கவனக்குறைவு இல்லை. 3இல் 1 போனால் 2. 0, 7 இரண்டில் பெரியது 7, அதனால் 7. 5, 8 இரண்டுக்கும் வித்தியாசம் 3. ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். அவனுக்கென்று ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறான். 31 வருஷத்தில் இந்த 273ஐ நூறு தடவையாவது சிவப்பு மையால் அடித்திருப்பேன். அடித்ததோடு சரி.

இவன் கையில் கால்குலேட்டர் கொடுத்தால் 127 என்று காட்டும். 273 ஏன் தப்பு என்று கடைசிவரை தெரியாது. 305 ரூபாயில் 178 செலவாகிவிட்டது, பாதிக்கு மேல் போய்விட்டது, பிறகு எப்படி 273 மிஞ்சும்? இந்தச் சந்தேகம் அவனுக்கு வர வேண்டும். அதைக் காட்ட எந்தப் பொத்தானும் இல்லை.

வீட்டில் செய்யுங்க: மூணு நூறு ரூபாய்த் தாள், அஞ்சு ஒரு ரூபாய் நாணயம். நடுவில் பத்து ரூபாய்த் தாளே கிடையாது. இவன் கடைக்காரருக்கு 178 தரணும். சில்லறை மாற்றாமல் தர முடியாது என்று அவனே கண்டுபிடிப்பான். "பக்கத்து வீட்ல கடன் வாங்கு" என்றுதான் நாங்கள் காலகாலமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரனே பூஜ்யமாக உட்கார்ந்திருந்தால் எந்த வீட்டுக்குப் போவது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

2 ஜூலை

ஆத்தூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கும் மரவள்ளிக் கதையை மேலே தூக்கி வைக்கிறேன். எல்லோரும் படிக்க வேண்டியது.

ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவார்கள் என்பது நம்ம பக்கம் தெரிந்ததுதான். பாயிண்ட்டுக்கு 380 ரூபாய் என்றால் 27½ பாயிண்ட் கிழங்கு டன் 10,450. இவர் வீட்டில் ஏற்றி அனுப்பியது 4 டன் 60 கிலோ. எட்டாவது படிக்கிற மகன் போனில் 4.6 × 10450 என்று போட்டு 48,070 என்றிருக்கிறான். ஆலைச் சீட்டில் 42,427. வீடே கொதித்துவிட்டது. மாமன், சித்தப்பா எல்லாம் சேர்ந்து கிளம்பிவிட்டார்கள். "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு எப்படித் தப்பாகும்?"

ஆலை போட்டதுதான் சரி. 4 டன் 60 கிலோ என்றால் 4.06. 4.6 என்றால் 4 டன் 600 கிலோ. நடுவில் விட்ட ஒரு சைபருக்கு 5,643 ரூபாய். ஆலை வாசலில் யாரோ ஒரு வயசான எடைக்காரர்தான் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

பெருக்கலில் தப்பில்லை. கால்குலேட்டர் ஒரு இம்மி பிசகாமல் பெருக்கிக் கொடுத்திருக்கிறது. இடமதிப்பு தெரியாதவன் போட்ட தப்பை அது திரையில் அழகாக நிறுத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக, முதல் நாள் சொன்னதில் நான் உறுதியாக இருக்கிறேன். கொடுக்காதீங்க.

14 ஜூலை

ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் பழைய சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணம். அடிவாரம் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவும் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனேன். போகப் போக ஒரு பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மலையில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஏழாவதில் பதினேழு பிள்ளைகள், பாதிக்கு மேல் மலையாளிச் சமூகத்துப் பிள்ளைகள். (மலையாளி என்றதும் கேரளா என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கு: இவர்கள் சேர்வராயன் மலைக்காரர்கள், பேசுவது தமிழ்.) அதில் ஒருத்தி. வகுத்தல் சுத்தமாக வராது. நாலு இலக்கத்தை இரண்டு இலக்கத்தால் வகுக்கச் சொன்னால் பலகையைப் பார்த்தபடி நிற்பாள், அவ்வளவுதான்.

அவள் அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போவாள். சீசனில் சாயங்காலம் எடை போடும் இடத்தில் இந்தப் பெண்தான் அம்மாவுக்குக் கணக்குப்பிள்ளை. நானே ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு நாள் எடை: 17½, 22, 19½, 24½. மேஸ்திரி நோட்டில் எழுதிக் கூட்டுகிறார். இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பதினேழரையும் பத்தொம்போதரையும் முப்பத்தேழு, இருபத்திரெண்டு போட்டா அம்பத்தொம்போது, எம்பத்திமூணரை" என்று முடித்துவிட்டாள். அரைகளை முதலில் ஜோடி சேர்த்தாளே, அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், அவளையும் இன்னும் மூன்று பேரையும் பின்வரிசையில் உட்கார வைத்து வருஷம் முழுக்க வகுத்தல் போட வைத்தேன். முன்வரிசை விகிதம், இயற்கணிதம், வடிவியல் என்று நகர்ந்துகொண்டே இருந்தது. ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காப்பிக்கொட்டை தேறும் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் விகிதம், அந்தப் பாடத்தைத்தான் முன்வரிசைக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு மட்டும் 1512ஐ 12ஆல் வகு. தப்பா? திரும்ப வகு. எட்டாவதுக்கு அவள் வரவில்லை.

தலைமையாசிரியர் மேசையில் சத்துணவுக் கணக்குப் போடுவதற்கென்று ஒரு பெரிய பொத்தான் வைத்த கால்குலேட்டர் இருந்தது. அதை எடுத்து அவளிடம் கொடுத்து, "கண்ணு, வகுக்கறத இது பார்த்துக்கும், நீ முன்னாடி வந்து உக்காரு" என்று ஒரு பாடத்துக்காவது சொல்லியிருக்கலாம். அப்போது யாராவது அப்படி யோசனை சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

படிப்பை நிறுத்தியது அதனால்தான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஆயிரம் காரணம் இருக்கும். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

15 ஜூலை

20 வளைவு. 22 இல்லை. ஏழு பேர் திருத்தியிருக்கிறீர்கள். வளைவுக்கு வளைவு நம்பர் பலகை வைத்திருக்கிறார்கள், அதையும் தாண்டி இரண்டைக் கூட்டி எண்ணியிருக்கிறேன். கணக்கு வாத்தியாராம்.

28 ஜூலை

"அமெரிக்காவில் எல்லாம் ஒண்ணாவதிலிருந்தே கால்குலேட்டர் சார், நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று ஒரு தம்பி. "அதனால்தான் அங்கே பத்து டாலருக்குச் சில்லறை கொடுக்கத் திணறுகிறார்கள்" என்று இன்னொருவர். இரண்டு பேரும் சத்தம் போடுவதை நிறுத்தினால் கொஞ்சம் பேசலாம்.

அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. 1980இல் அமெரிக்கக் கணித ஆசிரியர் மன்றம் எல்லா வகுப்பிலும் கால்குலேட்டரைப் பயன்படுத்துங்கள் என்று அறிக்கை விட்டது. 1986இல் ஹெம்ப்ரீ, டெசார்ட் என்ற இருவர் 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தோடு சேர்த்துப் பயன்படுத்திய சராசரி மாணவர்களுக்குக் கையால் கணக்குப் போடும் திறன் குறையவில்லை, நாலாம் வகுப்பில் மட்டும் பாதகம் தெரிந்தது என்றார்கள். "சராசரி மாணவர்" என்பதைக் கவனியுங்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது சராசரிக்குக் கீழே தவிக்கிற பிள்ளையைப் பற்றி. அந்நாட்டு அரசு அமைத்த குழு 2008இல் இன்னும் கையை விரித்தது. தரமானவை என்று எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் பெரிய நன்மையும் தெரியவில்லை, பெரிய தீமையும் தெரியவில்லை, அவற்றில் பெரும்பாலானவை பழையவை.

லண்டனில் இருக்கும் நம்மூர்ப் பெண் சொன்னது எனக்குப் பிடித்தது. அங்கே ஆரம்பப்பள்ளி முடிவில் வரும் தேசியத் தேர்வில் 2014இலிருந்து கால்குலேட்டரை எடுத்துவிட்டார்கள். ஆனால் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ கணக்கில் மூன்று தாள், முதல் தாள் வெறுங்கை, அடுத்த இரண்டும் கால்குலேட்டரோடு. இரண்டும் வேண்டும், எது எப்போது என்று பிரித்திருக்கிறார்கள். நம்ம ஊரில் ஒரேயடியாக வெறுங்கை. அப்புறம் வேலைக்குப் போனதும் ஒரேயடியாக எக்செல்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீங்க. எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் எண்ணே பிடிபடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். 47 பெரிதா, 74 பெரிதா என்று எட்டாவதிலும் தயங்குவார்கள். டிஸ்கால்குலியா. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு சிபிஎஸ்இ தேர்வில் சாதாரண கால்குலேட்டரை அனுமதிக்கிறார்கள். கண் மங்கலாகத் தெரிகிறவனிடம் கண்ணாடி போடாமல் படி என்று நாம் சொல்வதில்லை. என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்களோ, எல்லோரையும் "சோம்பேறி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அம்மாப்பேட்டைப் பையன் அந்த ரகம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாழைப்பழக் கணக்கைப் பாருங்க.

10 ஆகஸ்ட்

சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (சாமி வேஷம் போட்டு வரும் அலங்கார வண்டி ஊர்வலம்) பார்த்துவிட்டு வந்து ராத்திரி தூங்கவே மணி இரண்டு. ஆடித் திருவிழா வாரம், படிப்பு எதுவும் நடக்கவில்லை. அதனால் கன்னங்குறிச்சியில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் ஆறு பிள்ளைகளிடம் சோதனை செய்து பார்த்தேன். முதல் அக்ரஹாரத்தில் ஒரு கடையில் வாங்கிய, மளிகைக்கடை ரக கால்குலேட்டர். ஒன்றே ஒன்று. ஆறு பேருக்கும் பொது.

ஒரே ஒரு நிபந்தனை: பொத்தானை அழுத்தும் முன் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்ல வேண்டும். சொன்னால்தான் கைக்கு வரும்.

48 × 25. ஒருத்தன் அவசரத்தில் 480 என்று தட்டிவிட்டான். 12000. அஞ்சு பேர் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "அம்பது இருபத்தஞ்சு ஆயிரத்தி இருநூத்தம்பது" என்று குத்துமதிப்புச் சொன்ன சின்னவள் மட்டும், "சார், இது லூசு மாதிரி சொல்லுது" என்றாள். ஆறாவது படிக்கிறவள். மனசுக்குள் அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

அப்புறம் 2 + 3 × 4 என்று எழுதிப்போட்டேன். திண்ணை கால்குலேட்டர் 20 என்கிறது. ஒருத்தன் வீட்டுக்குள் போய் என் போனை எடுத்துவந்து தட்டினான், 14. வெடித்தது சண்டை. "மெஷின் கெட்டுப்போச்சு", "போன்தான் தப்பு", "கடைக்காரன் ஏமாத்திட்டான்". மளிகைக்கடை ரகம் தட்டத் தட்டப் போட்டுக்கொண்டே போகும்: இரண்டும் மூன்றும் அஞ்சு, அஞ்சு நாலு இருபது. போன் பெருக்கலுக்காகக் காத்திருக்கும். எந்தச் செயலை முதலில் செய்வது என்று பலகையில் எழுதி நான் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். ஒரு பிள்ளையும் இவ்வளவு ஆத்திரத்தோடு அதைக் கேட்டதில்லை.

1 ÷ 3 போட்டு, வந்த விடையை மூன்றால் பெருக்கினால் 0.9999999. "ஒண்ணு எங்க சார் போச்சு?" அன்றைக்கு அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு விளையாட்டும் வைத்தேன். 8 பொத்தான் செத்துப்போச்சு என்று வைத்துக்கொள், 48 × 6 போடு. நாலு விதமாகப் போட்டார்கள். 50இல் 2 குறைத்து ஒருத்தி, 24ஐ இரட்டித்து ஒருத்தன். ஒருத்தன் 47 + 1 என்று தொடங்கி பெருக்கல் வந்ததும் முழித்தான். இந்த மாதிரி மெனக்கெடலை நான் வாய்ப்பாட்டு வகுப்பில் பார்த்ததே இல்லை.

11 ஆகஸ்ட்

"ஆக, கொடுக்கலாம்னு சொல்றீங்க?" இரவோடு இரவாக இத்தனை பேரா! ஜூனில் ஒன்று, ஆகஸ்ட்டில் ஒன்று என்கிறீர்கள். சரிதான். அரசியலுக்குப் போயிருக்கலாம்.

குத்துமதிப்பு விதியில் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 50 × 25 சொல்வதற்கும் வாய்ப்பாடு வேண்டுமே. ஒன்றுமே தெரியாதவன் குத்துமதிப்பும் சொல்ல மாட்டான், சும்மா "ஆயிரம்" என்பான். திண்ணையில் இரண்டு பேர் எல்லாவற்றுக்கும் ஆயிரம் என்றுதான் சொன்னார்கள்.

கிளைப்பேச்சு ஒன்று. "நம் முன்னோர் மனக்கணக்கிலேயே முந்திரி, காணி எல்லாம் போட்டவர்கள், நமக்கெதற்கு இந்தக் கருமம்" என்று வாழப்பாடி நண்பர். போட்டார்கள், உண்மை. அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி, எல்லாம் பழைய பின்னங்கள். முந்திரி என்றால் 320இல் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. எங்கள் தாத்தா எண்சுவடியைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பார். ஆனால் அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர். பாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பண்ணையில் வேலை செய்தவருக்கு? அவர்களெல்லாம் கூலி நெல்லை எவன் எப்படி அளந்து போட்டாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். முன்னோர் என்றால் எல்லோரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தட்டுவடை செட் கடைக்காரர் பத்துப் பேர் சொன்ன ஆர்டரை எழுதாமல் கூட்டுவது பற்றிய பேச்சை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பசிக்கிறது.

22 செப்டம்பர்

காலாண்டு முடிகிறது. அம்மாப்பேட்டை அம்மாவுக்கு ஜூலையில் தனியாகச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன், பலர் கேட்டார்கள்.

வாய்ப்பாடு நிற்காத பிள்ளைக்கு கால்குலேட்டருக்கு முன்னால் ஒரு அட்டை. பத்துக்குப் பத்து கட்டம், நூறு விடை. அவனையே போடச் சொல்லுங்க. பிறகு தெரிந்ததை எல்லாம் பென்சிலால் நிழல் அடிக்கட்டும். 1, 2, 5, 10 எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசை, அந்தப் பத்தி அடித்தால் மிச்சம் 36. 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதானே? அப்படி ஜோடி கழித்தால் 21.

நூறு என்று பயந்துகொண்டிருந்த பையனிடம் 21தான் பாக்கி என்றால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பையன் 3ம் 4ம் ஓரளவு தெரியும் என்று அதையும் அடித்துவிட்டானாம். 6, 7, 8, 9 தங்களுக்குள் பெருக்கிக்கொள்வது மட்டும் மிச்சம். பத்தே பத்து. அதில் 6 × 6ம் 9 × 9ம் தெரியுமாம். எட்டு. ஆக, இத்தனை நாள் அழுதது எட்டே எட்டு கட்டத்துக்கு.

அட்டையைப் பார்த்தே வீட்டுப்பாடம் போடலாம், தடையில்லை. பார்க்கப் பார்க்கக் கண்ணில் பதிகிறது. 7 × 8ஐத் தேடும்போது 7 × 7 பக்கத்திலேயே இருக்கிறது, ஏழு கூடினால் அடுத்தது என்று தெரிகிறது. கால்குலேட்டரில் 56 மட்டும் வரும், அதற்கு அண்டை வீடு கிடையாது. வாய்ப்பாடு நெட்டுருப் போடுவதற்கு எதிரி என்று என்னை நினைக்காதீங்க. 31 வருஷம் கத்த வைத்தவன். எதைக் கத்த வேண்டும் என்று குறைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

காலாண்டில் பையனுக்குக் கணக்கில் 41 மார்க். போன வருஷம் 18.

அவசரப்பட்டுக் கைதட்டாதீங்க. பாட்டி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்களாம். அட்டைக்கு எவ்வளவு, பாட்டிக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

17 நவம்பர்

இரண்டாம் பருவத்தில் வட்டம் வந்துவிட்டது. இங்கேதான் நான் கட்சி மாறுகிறேன். முழுசாக.

பையனிடம் ஒரு நூலும் ஸ்கேலும் கொடுத்து, வட்டமாக இருப்பதையெல்லாம் சுற்றியும் குறுக்கேயும் அளக்கச் சொன்னேன். தறி வீட்டில் நூலுக்குப் பஞ்சமா? அவன் எழுதியதை அம்மா படம் எடுத்துப் போட்டிருக்கிறார்:

தூக்குப் போசி மூடி: சுற்றி 44.2, குறுக்கே 14
வளையல்: 20.1, 6.4
ராட்டைச் சக்கரம்: 208, 66
பக்கெட் வாய்: 88, 28.2
தட்டுவடை: அளக்கும்போதே உடைந்துவிட்டது

சுற்றளவைக் குறுக்களவால் கையாலேயே வகுக்கச் சொன்னால் இரண்டாவதிலேயே நோட்டை மூடிவிடுவான். மூடத்தான் செய்வான், நானாக இருந்தாலும். கால்குலேட்டர் கொடுத்தோம். 3.16, 3.14, 3.15, 3.12. நாலையும் வரிசையாக எழுதிவிட்டு, "எல்லாமே மூணு சொச்சம்தான்மா, ராட்டையும் வளையலும் ஒண்ணா?" என்று கேட்டிருக்கிறான்.

வகுத்தல் இடிக்கிறது என்று இவனையும் நான் பின்வரிசையில் வைத்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஏழாவது முடித்திருப்பான். சராசரி காணுதல், வட்டிக் கணக்கு, வட்டம் இவற்றுக்கெல்லாம் கொடுக்கலாம். கழித்தல் பாடத்துக்குக் கழித்தல் பொத்தானைக் கொடுக்கக் கூடாது. எதைக் கற்கிறானோ அதை மெஷின் செய்யக் கூடாது, அதைக் கற்பதற்கு வழியில் கிடக்கும் கல்லை அது நகர்த்தலாம். டியூஷன் சாரும் இதைத்தான் சொல்ல வந்தாரோ என்னவோ, நான் அவரை ஜூனில் கிழித்துவிட்டேன். எல்லாக் கணக்குக்கும் கொடுத்தார் என்பதால் பாதி கிழித்ததை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தேர்வில் கிடையாதே என்பவர்களுக்கு: தேர்வில் நூலும் ராட்டையும்கூடக் கிடையாது.

5 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழை. பள்ளிக்கு லீவு விட்டதில் திண்ணையும் காலி. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். மேலே காப்பி பழுக்கிற நேரம். எடை போடும் இடத்தில் இப்போது யார் வீட்டுப் பிள்ளை நிற்கிறதோ.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பக்கம் படம் வந்திருக்கிறது. 3.05 − 1.78. நடுவில் சைபர், தசமப் புள்ளி வேறு. ஜூனில் இதைக் கொடுத்திருந்தால் 2.73 என்று எழுதியிருப்பான். 1.27 என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக "பழைய கணக்கு" என்றும் எழுதி வைத்திருக்கிறான்.

7 × 8 இன்னும் அட்டையைப் பார்த்துத்தான் போடுகிறானாம். பார்க்கட்டும்.

9 டிசம்பர்

திண்ணை கால்குலேட்டரில் நிஜமாகவே 8 பொத்தான் போய்விட்டது. தீபாவளி முறுக்கு எண்ணெய்க் கையோடு யாரோ அழுத்தியிருக்கிறார்கள், ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம், இதுவே இருக்கட்டுமாம். இப்போது 8 வரும் கணக்காகப் பார்த்து அவர்களே ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று சின்னவள் எனக்கு ஒன்று போட்டாள்: 888 × 8. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து போனை எடுத்துவரக் கூடாதாம்.